ஆறு மீட்டர் நடை

பூங்காவின் சுற்றுப்பாதையை ஒருமுறை வலம்வர, காலைதோறும் அங்கே நடக்கும் எங்களுள் மிக விரைவாக நடப்பவரான காசாளருக்கு ஐந்து நிமிடம் ஆகும். எனக்கு ஆறரை. கூட்ஸுக்கு ஒன்பது. குளிரானாலும் வெயிலானாலும், காலணி புதிதானாலும் பழையதானாலும், அந்த ஒன்பது கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

கூட்ஸ் என்பது காசாளர் வைத்த பெயர். பெயருக்குரியவர் முப்பத்துநான்கு ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையில் இருந்தவர். விடியும் வேளையில் நீண்ட கைப்பிடியுள்ள சுத்தியலைத் தோளில் சாய்த்து, சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் இடுப்பில் செருகிக்கொண்டு, தம் பொறுப்பிலுள்ள ஐந்து கிலோமீட்டரை, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக மிதித்து நடப்பார். போகும்போது இடப்பக்கத் தண்டவாளம், திரும்பும்போது வலப்பக்கத் தண்டவாளம். தளர்ந்த ஆணி கண்ணில் பட்டால் நின்று தட்டி இறுக்குவார். காலடியில் ஒரு கட்டை சற்றே ஆடினாலும், எத்தனையாவது கட்டை என்பதை மாலையில் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுவார். அவர் பொறுப்பிலிருந்த பாதையில் ஒரு வண்டியும் தடம்புரண்டதில்லை. இதைப் பிறர் சொல்லித்தான் நான் அறிந்தேன், அவர் சொன்னதில்லை.

எழுபத்துமூன்று வயதில் அவர் நலிந்தவரும் அல்லர். இரண்டு குடம் தண்ணீரை இரு கைகளில் ஏந்தி மாடிக்கு ஏறுவார். ஏறியபின் மூச்சு வாங்காமல் பேசுவார். ஆனால் நடக்கச் சொன்னால் ஒன்பது நிமிடம். நாங்கள் சுற்றை முடித்துப் பெஞ்சில் அமர்ந்து பத்திரிகையைப் பங்கிட்டுக்கொண்ட பிறகே, தலை சற்றுக் குனிந்தபடி வளைவில் தோன்றுவார். "கூட்ஸ் வருது, கேட்ட மூடுங்கப்பா" என்பார் காசாளர். அவரும் முகம் கோணாமல் பதில் சொல்வார்: "கூட்ஸ் லேட்டாதான் வரும். வராம இருக்காது."

அவருடைய மனைவி ரயில்வே கேட் காவலரின் மகள். அவர் நடந்த பாதையின் நடுவே ஒரு மண்சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அந்தக் கேட் இருந்தது. நாள்தோறும் அங்கே இறங்கித் தண்ணீர் குடிப்பார். தண்ணீர் குடித்துக் குடித்தே மாப்பிள்ளையானவர் என்று காசாளர் கேலி செய்வதுண்டு.

சென்ற மழைக்காலத்தில் அந்த அம்மையார் சமையலறை வாசற்படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதமாக வாக்கரைப் பிடித்து நடக்கிறார். காலடிகள் ஒரே அளவாக விழவேண்டும், ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் போகக்கூடாது என்று சுகாதார நிலையத்தின் பிசியோதெரபிப் பெண் சொல்லியனுப்பினாள். மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, படுக்கையறையிலிருந்து வாசற்கதவு வரை செல்லும் நடையில், ஓரடிக்கு ஒன்றாகச் சாக்பீஸ் கோடுகள் கிழிக்கப்பட்டிருந்தன. அளவு நாடா இன்னும் கூட்ஸின் சட்டைப் பையில் இருந்தது.

"என்னோடது பிராட் கேஜ் வாத்தியாரே. இவளுக்கு இப்போதைக்கு மீட்டர் கேஜ்" என்று அகலப் பாதையையும் குறுகிய பாதையையும் வைத்துச் சொன்னார்.

அந்தக் கோடுகளின்மீது காலையில் ஆறு முறையும் மாலையில் ஆறு முறையும் இருவரும் நடந்தார்கள். மனைவி ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குக் கால் வைக்கும்வரை அவர் பக்கத்தில் காத்திருப்பார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை நான் வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். கண்ணால் கண்டது அந்த வீட்டில்தான்.

அவர்களுக்கு ஒரே மகள். பேருந்தில் ஆறு மணி நேரம் போகவேண்டிய ஊரில் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். தாய் விழுந்த அன்று அந்த ஆறு மணி நேரத்தையும் பேருந்தில் நின்றபடியே கழித்து வந்துசேர்ந்தாள். அதை அவளால் மறக்க முடியவில்லை. தன் வீட்டில் லிப்ட் உண்டு, பக்கத்திலேயே மருத்துவமனை உண்டு, ஆனால் மாமனாரும் மாமியாரும் பிள்ளைகளும் போக இன்னும் ஒரு கட்டிலுக்குத்தான் இடம் உண்டு என்றாள். அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போவதாகவும், அப்பா இங்கேயே இருந்து மாதம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

"அம்மாவ நீங்க புடிச்சிருக்கீங்க, சரி. உங்கள யாருப்பா புடிக்கிறது?"

நாற்பத்தாறு ஆண்டுகளில் அவரும் மனைவியும் பிரிந்திருந்தது மகள் பிறந்தபோது ஒருமுறை மட்டுமே என்பது அவருக்குத் தெரியும்; மகளுக்கும் தெரியும். அவள் கல்நெஞ்சக்காரி அல்லள். தொலைபேசியில் பிசியோதெரபிப் பெண்ணைக் கலந்து பேசிய பிறகு, தானே ஒரு வழி சொன்னாள். முதியவர் ஒருவரின் உடல் மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்பதை அவருடைய நடைவேகம் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடுமாம். சுகாதார நிலையத்தில் ஆறு மீட்டர் நடக்கவைத்து அளப்பார்கள். ஏழரை விநாடிக்குள் அப்பா நடந்துவிட்டால் அம்மா இங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை தான் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னாள்.

கூட்ஸ் உடனே ஒப்புக்கொண்டார். "நடக்கத்தான சொல்றாங்க? முப்பத்திநாலு வருஷம் அதுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்க" என்று பூங்காவில் சொல்லிச் சிரித்தார். திங்கட்கிழமை அவரோடு துணைக்குப் போனவன் நான்.

சுகாதார நிலையத்தின் மாடியில் நீண்ட நடைவழி ஒன்று உண்டு. இருபுறமும் வெள்ளைச் சுவர். தரையில் இரண்டடிச் சதுரமாகச் சாம்பல்நிற ஓடுகள். ஆறு மீட்டர் தொலைவில் தரையில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். பிசியோதெரபிப் பெண் கையில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, "அவசரப்பட வேணாம் ஐயா. எப்பவும் போல நடங்க" என்றாள்.

அவர் எப்பவும் போல நடந்தார். எட்டே முக்கால் விநாடி.

சற்று இளைப்பாறச் சொல்லி மறுபடியும் நடக்கவைத்தாள். இம்மியும் பிசகாமல் அதே எட்டே முக்கால். நாடாவைத் தாண்டி நின்றவர், தம் தேர்ச்சியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "ஏழாவது டைல்ஸ் ஆடுதும்மா. யாருகிட்டயாவது சொல்லிவை" என்றார். அவள் தலையசைத்துவிட்டுத் தாளில் எண்ணைக் குறித்தாள். நானும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பெண் பொறுப்பானவள். எண்ணைக் குறித்ததோடு விட்டுவிடவில்லை. நாற்காலியில் அமர்ந்து எழச் செய்தாள். ஐந்துமுறை சளைக்காமல் எழுந்தார். ஒற்றைக் காலில் நிறுத்தினாள்; கொக்கு தோற்றது. இரத்த அழுத்தம், கண்பார்வை, காது, பாதத்தின் உணர்ச்சி, சாப்பிடும் மாத்திரைகள், காலணியின் அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நடைவேகம் கால்களில் மட்டும் இல்லை என்று எனக்கு விளக்கினாள். நெஞ்சின் வலிமை சேரும், பார்வை சேரும், விழுந்துவிடுவோம் என்ற அச்சம் ஒருவரைத் தளைபோட்டுப் பிடிக்கும், மனத்தில் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தால் கால் தானே தாமதிக்கும், யாரோடு நடக்கிறோம், எதற்காக நடக்கிறோம் என்பதும்கூடக் கணக்கில் வரும். மனைவியோடு மெல்ல நடந்து பழகியதால் இருக்குமோ என்று நான் கேட்டேன். ஆனால் பூங்காவில் அவருடைய ஒன்பது நிமிடம் மனைவி விழுவதற்கு முன்பே ஒன்பது நிமிடம்தான் என்பது எனக்கே உடனே நினைவுக்கு வந்தது.

"எல்லாமே நல்லா இருக்கு சார். வேகம் மட்டும் இல்ல. ஏன்னு எனக்கே புரியல" என்றாள் அவள். வெள்ளிக்கிழமை மகள் வரும்போது இன்னொருமுறை அளப்பதாகவும், அதன்பின் தான் கண்டதை எழுதிக்கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னாள்.

படியிறங்கும்போது அவர் ஒன்றுதான் கேட்டார்: "வீட்ல சொல்லிடாதீங்க வாத்தியாரே."

மறுநாள் பூங்காவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கையை வீசி நடந்தால் கால் தானாக விரையும் என்றார் ஒருவர். இறுக்கமான காலணி வாங்கச் சொன்னார் இன்னொருவர். காசாளர் மட்டும் கேலியை நிறுத்திவிட்டார். அன்று தொடங்கி மூன்று நாள் விடியலில் கூட்ஸை முன்னே நடக்கவிட்டுத் தாம் பின்னாலிருந்து விரட்டினார். வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவர்போல நம்மவர் பறந்தார்; பறந்தவர் பத்தடிக்கு ஒருமுறை தடுமாறவும் செய்தார். மூன்றாம் நாள் பெஞ்சில் வந்து அமர்ந்து, "வேகமா நடந்தா ஒண்ணும் கண்ல பட மாட்டேங்குது. எதுக்கு நடக்கிறேன்னே தெரியல" என்றார். காசாளர் தம் கைக்குட்டையை அவரிடம் நீட்டினார். வியர்வைக்குத்தான் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அன்று மாலை அவர் வீட்டில் நடந்ததைப் பிறகு அவர்கள் இருவருமே என்னிடம் சொன்னார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொடுத்தார். வழக்கம்போல இருவரும் கோடுகளின்மீது நடந்திருக்கிறார்கள். காலையில் பழகிய வேகம் அவர் காலைவிட்டு இன்னும் இறங்கவில்லை. வாசற்கதவைத் தொட்டபின் பக்கத்தில் பார்த்தால் மனைவி இல்லை. திரும்பிப் பார்த்தார். மூன்றாவது கோட்டில் வாக்கரைப் பிடித்தபடி மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, என்னை இங்கயே விட்டுட்டீங்க" என்றார் அந்த அம்மையார். சினந்து சொல்லவில்லை. குடையை மறந்து வந்தவரிடம் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னாராம். அதற்குமேல் கணவரால் மறைக்க இயலவில்லை. திரும்பி வந்து, சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்து, எட்டே முக்காலையும் வெள்ளிக்கிழமையையும் சொல்லிமுடித்தார்.

அம்மையார் அழவில்லை. அவர் கேட்டது, நாங்கள் அத்தனை பேரும் கேட்கத் தவறிய கேள்வி.

"நடந்து முடிச்சதும் என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்ல? ஏழாவது டைல்ஸ் ஆடுதுன்னேன்."

வாக்கர் குலுங்கும்படி அம்மையார் சிரித்தாராம். எதற்கென்று கேட்டதற்குச் சொல்லவில்லை. இரவு உணவுக்கு முன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமை தம்மையும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போக ஒரு வண்டி பிடித்துத் தரவேண்டும், தம்மிடம் காரணம் கேட்கவேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மகள் பையோடு நேரே சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டாள். தாயைக் கண்டதும், "நீ ஏம்மா அலையிற" என்று கடிந்தாள். அம்மையார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லிப்டில் ஏறி மாடிக்கு வந்து, வாக்கரை ஊன்றி ஊன்றிச் சிவப்பு நாடாவுக்கு அப்பால் ஐந்தாறு அடி தள்ளிப் போனார். அங்கே ஒரு நாற்காலி போடச் சொல்லி அமர்ந்து, மடியில் ஒரு தண்ணீர்ப் புட்டியை வைத்துக்கொண்டார். பிறகு பிசியோதெரபிப் பெண்ணை அருகே அழைத்தார்.

"எப்பவும் போல நடங்கன்னு சொல்லாத கண்ணு. ஒண்ணும் சொல்லாத. கடிகாரத்த மட்டும் பாத்துக்க."

நடைவழியின் மறுமுனையில் கூட்ஸ் நின்றார். மூன்று நாள் பயிற்சியில் முகம் வாடியிருந்தது. சட்டையை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து முதல் ஓட்டைப் பார்த்தார். மகள் சுவரில் சாய்ந்து நின்று கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா தோற்கவேண்டும் என்று வேண்டினாளா, வெல்லவேண்டும் என்று வேண்டினாளா என்று அந்த முகத்தைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அம்மையார் புட்டியை உயர்த்திக் காட்டினார். "என்னங்க, தண்ணி."

அவர் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்த தலை மீண்டும் தரையைப் பார்க்கவில்லை. நெட்டையான அந்த மனிதருக்கு அத்தனை நீளமான காலடி இருப்பதை அன்றுதான் கண்டேன். ஓடவுமில்லை, பதறவுமில்லை. பத்து ஓடுகளை எட்டே அடியில் கடந்து, நாடாவைக் கவனிக்காமலே தாண்டி, நாற்காலியருகில் போய் நின்று கையை நீட்டினார்.

பிசியோதெரபிப் பெண் கடிகாரத்தை ஒருமுறை பார்த்து, மறுமுறையும் பார்த்து, என்னிடம் காட்டினாள். ஐந்தரை விநாடி.

அவரோ புட்டியைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலி பாட்டிலக் காட்டி என்னைக் கூப்புட்டிருக்கா பாரு" என்று எங்களிடம் முறையிட்டார்.

அதன்பிறகே அம்மையார் மகளுக்கு விளக்கினார். தண்டவாளத்தில் நடப்பவன் தரையைப் பார்த்தாக வேண்டும். கட்டைக்குக் கட்டை கால் வைத்தாக வேண்டும். விரைந்தால் விரிசல் தப்பிவிடும். கோடும் கட்டமும் கண்ணில் பட்டால் உன் அப்பாவுக்கு அது பாதைதான். எப்பவும் போல நடக்கச் சொன்னால் லைன் பார்த்துக்கொடுத்துவிட்டு வருவார் என்றார். பூங்காவின் சுற்றுப்பாதையிலும் குறுக்கே சிமெண்டுப் பலகைகள் பதித்திருப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதினோரு ஆண்டுகளாக நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். அவர் ஒருவர் அதைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா அப்பவே சொல்லுவாரு, இந்த ஆளுக்கு ரெண்டு நடை, லைன்ல ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணுன்னு. நான் கேட்டுல நின்னு தினம் பாத்தவ. எனக்குத் தெரியாதா."

"தண்ணிக்கா?" என்று மகள் கேட்டாள்.

அம்மையார் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டு, "ஆமா, அப்ப அப்படித்தான் சொல்லிக்கிட்டாரு" என்றார். நம்மவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் நடைவழியில் நடந்துபோனாள். தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி, ஏழாவது ஓட்டின்மேல் நின்று, குதிகாலால் அழுத்தினாள். ஓடு 'டக்' என்று ஆடியது. மறுபடி அழுத்தினாள், மறுபடி ஆடியது. பிசியோதெரபிப் பெண் முகம் சிவந்து, திங்கட்கிழமையே ஐயா சொன்னார், நான்தான் யாரிடமும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டாள். வாக்கரோடு நாளெல்லாம் நோயாளிகள் போய்வரும் வழி அது.

அவள் தாளில் எழுதியதை எனக்கும் படித்துக் காட்டினாள். கால்களில் குறையில்லை, நெஞ்சில் குறையில்லை, நடைவேகம் வயதுக்கு மிக நன்று என்று இருந்தது. கடைசியில், அவர் மெல்ல நடப்பது தரையைக் கவனிப்பதால் என்றும் சேர்த்திருந்தாள். மகள் அந்தத் தாளை வாங்கிப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் பார்வை வேறெங்கோ இருந்தது. பெற்றோர் இருவரும் லிப்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். தந்தையின் தலை பழையபடி குனிந்துவிட்டது. ஐந்தரை விநாடியின் சுவடே இல்லை. ஏழாவது ஓட்டுக்கு முன்னால் வாக்கரை ஒரு கையால் மெல்ல வலப்புறம் திருப்பிவிட்டு, அதைக் கடந்ததும் மீண்டும் நேராக்கினார். மனைவி நின்று ஏனென்று கேட்கவுமில்லை. கால் தானாக அவரோடு திரும்பியது.

மகள் வெகுநேரம் அந்த ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னாள். "அம்மா விழுந்தது மழைத்தண்ணில சார். அன்னிக்கு அப்பா வீட்ல இல்ல. இருந்திருந்தா அந்தத் தண்ணி அவர் கண்ல பட்டிருக்கும்."

மகளின் மாலைப் பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைதோறும் நான் எட்டிப்பார்த்துத் தனக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும், மாடிக்குத் தண்ணீர் சுமப்பதை அப்பா விட்டுவிட வேண்டும், சமையலறை வாசற்படியில் சொரசொரப்பான விரிப்பு ஒன்று போடவேண்டும் என்று மகள் நிபந்தனைகளை அடுக்கினாள். தந்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அம்மாவின் துணிகளை எடுத்துவைக்கக் கொண்டுவந்த பெரிய பை, மடித்தது மடித்தபடி நாற்காலியில் கிடந்தது.

நடையில் சாக்பீஸ் கோடுகள் பாதி அழிந்துபோயிருந்தன. வேகம் பழகிய மூன்று நாளும் அவர் அவற்றைப் புதுப்பிக்கவில்லை. மகள் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் முழங்காலிட்டு அமர்ந்தாள். தந்தை அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் அவள் சாக்பீஸை வைத்தாள்.

"ஓரடிதானப்பா?"

கட்டிலிலிருந்து அம்மையாரின் குரல் வந்தது. "ரெண்டு அங்குலம் கூட்டிப் போடு. இப்ப எட்டுது எனக்கு."

அவர் நாடாவை இரண்டு அங்குலம் நகர்த்திப் பிடித்தார். "அவசரப்படாத. பிராட் கேஜ் ஆக நாளாகும்" என்று உள்நோக்கிச் சொல்லிவிட்டு, மகள் கிழித்த முதல் கோடு நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.